தூசி அறைக் கதவு

இதில் நான் எதையும் கூட்டவில்லை. நேரங்கள் என் குறிப்பேட்டில் இருக்கின்றன.

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அங்கே காற்றில் மிதக்கும் தேயிலைத் தூசியில் ஒரே ஒரு துகளை லேசர் ஒளியால் பிடித்து, அந்தரத்தில் நிறுத்தி ஆராய்வது என் வேலை. ஒரு மணி நேரம் நிறுத்தினால் இரண்டு வருட ஆய்வு முடிந்துவிடும். சிறு காற்று பட்டாலும் துகள் போய்விடும். அதனால்தான் இயந்திரங்கள் ஓடாத ஞாயிற்றுக்கிழமை. அதனால்தான் ஜன்னல் இல்லாத பழைய தூசி அறை.

போன ஞாயிறு நான் ஏதோ கேட்கக் கூப்பிட, வெளியே காவலுக்கு இருந்த வாட்ச்சர் தனுஷன் கதவைத் திறந்துவிட்டார். துகள் போயிற்று. உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. இம்முறை வெளியே போடச் சொன்னேன்.

“நாலு மணி வரைக்கும் தொறக்காதீங்க. நான் தட்டினாலும்.”

“செத்தாலுமா சேர்?”

“செத்தாலும்.”

சிரித்துக்கொண்டே தாழ்ப்பாளைப் போட்டார்.

2.50. துகள் சிக்கியது. இருட்டில் ஒரு பச்சைப் புள்ளி.

3.05. புள்ளி மேலே போனது, கீழே வந்தது. மேலே… கீழே… நிமிடத்துக்குப் பதினான்கு முறை. என் மூச்சுதான் படுகிறதோ என்று மூச்சைப் பிடித்துப் பார்த்தேன்.

அது நிற்கவில்லை.

3.12. லேசரை அணைத்தேன்.

புள்ளி அணையவில்லை.

மேலே… கீழே… மேலே…

3.14. நின்றது.

என் மூச்சும் நின்றது.

வாயைத் திறந்தேன். காற்று வரவில்லை. கதவு நாலடி தூரம். கையைத் தூக்க முடியவில்லை. எங்கும் ஒரு சத்தமும் இல்லை…

3.15. தாழ்ப்பாள் இழுபட்டது. வெளிச்சம். குளிர்காற்று முகத்தில் அடித்தது. மூச்சு வந்தது.

“மன்னிச்சுக்குங்க சேர். அந்தத் தட்டுத் தட்டுறீங்க, எப்படித் தொறக்காம இருக்கிறது?”

“நான் தட்டல.”

மறுநாள், தேயிலை சலிக்கும் பகுதியில் வேலை செய்யும் மீனம்மா விஷயம் கேள்விப்பட்டு வந்தார். மூன்று மூன்றாகத் தட்டியதா என்று தனுஷனிடம் கேட்டார். ஆமாம் என்றார் அவர்.

எட்டு வருடத்துக்கு முன் கந்தப்பன் என்ற தொழிலாளி அந்த அறையைக் கூட்டப் போயிருக்கிறார். தூசி வெளியே வராமலிருக்க யாரோ தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். மாலையில் திறந்தபோது அவருக்கு மூச்சு இல்லை. தனுஷன் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மீனம்மா குறுக்கிட்டார்.

“யாரோ இல்ல. நாந்தான். தட்டுனது கேட்டுச்சுங்க. மெஷின் சத்தம்னு நெனச்சேன்.”

அன்றுதான் ஆய்வுக்காக அறை மூலையில் நான் வைத்திருந்த கேமராவின் பதிவைப் பார்த்தேன். லேசர் அணைந்த பிறகும் புள்ளி இருக்கிறது. 3.15க்குக் கதவு திறக்கிறது. காற்று உள்ளே அடிக்கிறது. மேசைத் தாள்கள் என் பக்கம் பறக்கின்றன.

புள்ளி மட்டும் கதவை நோக்கிப் போகிறது.