கராஜுக்குள் ஒரு கைப்பம்பு

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் கார் வெளியே பனியில் கிடந்தது. கராஜ் உள்ள வீடுதான் வேண்டும் என்று அலைந்து திரிந்து டொலார்ட் என்ற புறநகரில் வாங்கியவர் என் கணவர். அந்தக் கராஜைத்தான் மகள் ஒரு கைப்பம்புக்குக் கொடுத்துவிட்டாள். காலையில் கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே அவர் கத்துவார். “இஞ்சருமப்பா, உங்கட பம்புக்குக் கராஜ், என்ர காருக்கு றோட்டோ?”

மகள் எஞ்சினியர். அவளும் கூட வேலை செய்யும் சிலரும் சேர்ந்து, சம்பளம் எதுவும் வாங்காமல், ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டின் வடக்கே ஒரு கிராமத்துக்குக் குடிதண்ணீர் வேலை செய்தார்கள். சொந்த லீவில்தான் போவார்கள். முதல்முறை போய் வந்தவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“அங்கை குழாய்க்கிணறு இருக்கு அம்மா. நல்ல தண்ணி. முந்தி ஆரோ வந்து பம்பும் பூட்டிக் குடுத்திருக்கினம். உள்ளுக்கு ஒரு வாஷர் தேஞ்சு போச்சு, அவ்வளவுதான். அதைக் கழட்டி மாத்த ஒருத்தருக்கும் காட்டிக் குடுக்கேல்லை. சனம் திரும்பவும் குட்டைத் தண்ணிதான் குடிக்குது. பிள்ளையளுக்கு ஓயாத வயித்தோட்டம்.”

“அப்ப நீங்கள் போய் மாத்திக் குடுங்கோவன்.”

“அடுத்த வாஷர் தேயேக்கை?”

தட்டைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்தினேன்.

அதே மாதிரிப் பம்பு ஒன்று கராஜுக்கு வந்து சேர்ந்தது. மரச் சட்டத்தில் பூட்டி, குழாயை ஒரு நீலப் பீப்பாய்த் தண்ணீருக்குள் இறக்கி வைத்தார்கள். ஒரு சனிக்கிழமை மகள் சமையலறைக்கு வந்தாள். “அம்மா, எங்களுக்கு நீங்கள் வேணும்.”

பெருமையாக இருந்தது. “என்னத்துக்குப் பிள்ளை?”

“அங்கை பழக்க முதல் இஞ்சை பழக்கிப் பாக்க, பம்பைப் பற்றி ஒண்டுமே தெரியாத ஒராள் வேணும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெற்று வளர்த்துப் படிப்பித்ததற்கு நல்ல பட்டம்! ஆனாலும் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.

அவர்களிடம் ஒரு விதி இருந்தது. பழகுகிறவரின் கை மட்டுமே பம்பில் படலாம். பழக்குகிறவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு வாய்த்தவர் ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டிலிருந்து வரும் தாடிக்காரர். பிரெஞ்சு மட்டும் பேசுவார். என் பிரெஞ்சு பொன்ஜூரில் தொடங்கி மெர்சியில் முடிந்துவிடும். தாடையால் காட்டுவார், புருவத்தால் காட்டுவார். நான் நட்டை மாறித் திருப்பும்போது முகம் சிவந்து தோள் துடிக்கும். கை மட்டும் முன்னால் வராது.

“எடியே, ஏன் விறைச்சுப்போய் நிக்கிறாய்? வந்து பிடியன் இதை!” என்று மகளை ஏசினேன்.

“பிடிக்க மாட்டன் அம்மா. நாங்கள் பிடிச்சா அங்கை ஒருத்தரும் பழக மாட்டினம்.”

ஒருநாள் பம்புக்குள் இருந்து இழுத்த இரும்புக் கம்பியைப் பீப்பாய்க்குள் தவறவிட்டேன். குளிர்ந்த தண்ணீர் மூஞ்சியில் அடித்தது. “விசர் வேலை!” என்று ஸ்பேனரை எறிந்துவிட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டேன். சிறிது நேரத்தில் தாடிக்காரர் வாசலில் வந்து நின்றார். அப்போதும் கை பின்னால்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணி கொடுத்த பிறகுதான் அந்தக் கைகள் வெளியே வந்தன.

நான் தடுமாறும் இடத்திலெல்லாம் “அம்மாவுக்கு விளங்கேல்லை” என்று அவர்கள் சொன்னதே இல்லை. “நாங்கள் காட்டினது பிழை” என்றுதான் மகள் சொல்வாள். பிறகு வேறு மாதிரிக் காட்டிப் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் எஞ்சினியர் என்றால் கையை நீட்டி வேலை ஏவுகிறவர். அந்தப் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கும்பிட வேண்டும் போல இருந்தது.

பனி கரையத் தொடங்கும்போது நானே பம்பைக் கழற்றி, வாஷர் மாற்றி, பூட்டி, தண்ணீர் இறைத்தேன். பனி அள்ளச் சவள் எடுக்க வந்த கணவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். “அட, கெட்டிக்காரி!” கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை.

பிறகு அவர்கள் கிராமத்துக்குப் போய்ப் பம்பைத் திருத்தி, அங்குள்ள ஒரு பெண்ணைப் பழக்கினார்கள். “உங்களைப் போலத்தான் அம்மா. எங்களுக்கு ஒரே ஏச்சு” என்றாள் மகள். பார்க்காமலே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது.

அடுத்த வருடம் ஒரு ஞாயிறு மத்தியானம் மகளின் போனுக்குக் கிராமத்திலிருந்து செய்தி வந்தது. பம்பு நின்றுவிட்டது. திரும்ப அழைத்தால் ஒருவரும் எடுக்கவில்லை. தாடிக்காரர் பாலம் கடந்து ஓடி வந்தார். யாருக்கு லீவு கிடைக்கும், எந்த விமானம் என்று மேசையில் ஒரே அமளி. மகள் சோற்றில் கை வைக்கவில்லை. “எல்லாம் வீணாப் போச்சோ அம்மா? திரும்பவும் குட்டைத் தண்ணியோ?”

ரசத்தைச் சூடாக்கிக்கொண்டு நின்றேன்.

அப்போது ஒரு வீடியோ வந்தது. பம்பின் தலை கழற்றிக் கிடந்தது. இரண்டு இளம் பெண்கள் கம்பியை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மஞ்சள் துணி உடுத்திய ஒருத்தி நின்று அவர்களைப் போட்டு ஏசிக்கொண்டிருந்தாள். “இவதான் நாங்கள் பழக்கின ஆள்” என்றாள் மகள். ஒரு பெண் வாஷரை மாறி வைத்தாள். மஞ்சள் துணிக்காரி துள்ளினாள், கத்தினாள். கழற்றித் திரும்ப வைத்தார்கள். கடைசியில் தண்ணீர் கொட்டியது. அதுவரைக்கும் அவள் பம்பைத் தொடவே இல்லை.

“அவவின்ர கையைப் பார் பிள்ளை!” என்றேன்.

இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டியபடி இருந்தன.

மகள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். தாடிக்காரர் விமான டிக்கெட் தேடிய போனை மூடி வைத்தார். அந்தமுறை ஒருவரும் போகவில்லை. போக வேண்டிய தேவை இருக்கவில்லை.