மூடியக்கா மைக் பிடித்த நாள்

ஊரில் மழைநீர் வடிகால்களுக்கு எங்கெங்கே மூடி இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். கடப்பாரையை விளிம்பில் கொடுத்து இடுப்பை ஒரு திருப்புத் திருப்பினாளானால், இரண்டு ஆண்கள் சேர்ந்து தூக்கவேண்டிய இரும்பு மூடி மறுபேச்சில்லாமல் நகரும். நகராட்சி வடிகால் பிரிவில் பதினாறு வருஷ வேலை. அதிகாரியிலிருந்து தெருக்கோடிக் கடைக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் மூடியக்கா. "வாய்க்கு மட்டும்தான் மூடி கிடையாது" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் வீட்டுக்காரருக்குப் பை ஆலையில் வேலை. பிளாஸ்டிக் குருணையை உருக்கி, உள்ளே காற்றை ஊதி, மாடி உயரத்துக்குப் பலூன் மாதிரி எழுப்பி, மேலே உருளைகளுக்கு நடுவில் தட்டையாக்கிப் பையாக வெட்டித் தள்ளும் மெஷின். அதை ஓட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை. வீட்டில் இதை வைத்து ஓயாத கிண்டல்.

"நீங்க ஊதி அனுப்புறீங்க, நான் உருவி எடுக்குறேன்" என்பாள் இவள்.

"நான் ஊதலைன்னா உனக்கு ஏதும்மா வேலை?" என்பார் அவர்.

நடுவில் உட்கார்ந்திருக்கும் மாமியார், யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துகொள்வார்.

அந்த வருஷம் ஒரு நாள் இரண்டு மணி நேரம்தான் மழை பெய்தது. அதற்கே கடைத்தெருவில் முழங்காலளவு தண்ணீர். மூடியக்கா மூடியைத் திறந்து நீளக் கொக்கியை உள்ளே விட்டாள். ஏதோ சிக்கியது. இழுத்தாள். வரவில்லை. இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்து இழுத்ததும், மெத்தையைச் சுருட்டிவைத்தது போல ஒரு பெரிய பொதி வெளியே வந்து விழுந்தது. அத்தனையும் பைகள்! அடுத்த நொடி தெருத் தண்ணீர் முழுவதும் 'மடக் மடக்' என்று அந்தக் குழிக்குள் இறங்க ஆரம்பித்தது. கடைவாசல்களில் நின்றவர்கள் கைதட்டினார்கள். மூடியக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினாறு வருஷத்தில் அவளுக்காக யாரும் கைதட்டியதில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து நகராட்சி அறிவிப்பு வந்தது. கடைகளில் தரும் பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டுச் சட்டம் கொண்டுவரலாமா என்று கூட்டம் போட்டு ஊராரிடம் கேட்கப் போகிறார்களாம். பிரிவு அதிகாரி அவளைக் கூப்பிட்டார்.

"நம்ம சார்பா நீங்கதான் பேசணும்."

"நானா? மைக்கிலயா?"

"மைக்கில்தான்."

அன்றைக்கு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள். வாசலில் வீட்டுக்காரரின் செருப்பைப் பார்த்ததும்தான் உள்ளுக்குள் சுருக்கென்றது. சட்டம் வந்தால் அந்த ஆலை என்னாகும்? அவர் என்னாவார்? சோறு போடும் மெஷினை நிறுத்தச் சொல்லி மனைவியே போய்ப் பேசுவதா? இரண்டு நாள் யோசித்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் அந்தப் பொதியைக் கையால் இழுத்தவள் அவள். அதைச் சொல்லாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

கடைசியில் மாமியாரிடம் போட்டு உடைத்தாள். "அத்தை, அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

மாமியார் முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு வந்தது. "நான் ஏன் சொல்றேன்? நீ போய் நல்லாப் பேசிட்டு வா."

அந்த வாரம் முழுக்க வீட்டுக்காரர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஏதோ முனகிக்கொண்டே இருந்தார். பாட்டுப் பாடுகிறார் என்று நினைத்து அவள் விட்டுவிட்டாள்.

கூட்ட நாள் காலை பத்து மணிக்கே நகராட்சி மண்டபம் பிதுங்கி வழிந்தது. கடைக்காரர்கள் ஒரு பக்கம், பள்ளி ஆசிரியர்கள் ஒரு பக்கம், சீருடையோடு ஆலைத் தொழிலாளர்கள் ஒரு பக்கம். சலவை மடிப்புக் கலையாத சேலையில் உள்ளே நுழைந்த மூடியக்கா, பேச்சாளர்கள் வரிசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். முதல் நாற்காலியில், கையில் மடித்த காகிதத்தோடு, அவள் வீட்டுக்காரர்!

"நீங்க இங்க என்ன பண்றீங்க? வேலைக்குப் போறேன்னீங்க?"

"நீ மட்டும்? பெரிய வடிகால்ல அடைப்புன்னு சொன்னே?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் மாமியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உனக்கு ரெண்டும் தெரியுமா?"

"தெரியாம என்ன? நீயும் வந்து சொல்லாதேன்னே, அவளும் வந்து சொல்லாதேன்னா. நான் வாக்கு மாறாதவ."

முதலில் கூப்பிட்டது அவரைத்தான். காகிதத்தைப் பார்க்காமலே பேசினார். நாற்பது குடும்பம் அந்த ஆலையை நம்பி இருக்கிறது என்றார். பையைக் கண்ட இடத்தில் வீசுகிறவர்களை விட்டுவிட்டுப் பை செய்கிறவனைத் தண்டிப்பது என்ன நியாயம் என்று கேட்டார். ஆலைக்காரர்கள் பகுதியில் விசில் பறந்தது. இதற்குப் பிறகு நான் என்ன பேசுவது என்று மூடியக்காவுக்குப் பயம் வந்தது. ஆனாலும் 'எங்க ஆளு எப்படிப் பேசுறாரு பாரு' என்று ஒரு பெருமை வேறு, கூடவே எழுந்து நின்றது.

அவள் முறை வந்தது. மைக்கைத் தொட்டதும் அது 'கீ' என்று கத்தியது. "இதுக்கும் அடைப்புதான் போல" என்றாள். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் பயம் போய்விட்டது. கடைத்தெரு வெள்ளத்தைச் சொன்னாள், கொக்கியைச் சொன்னாள், மெத்தை மாதிரி வந்து விழுந்த பொதியைச் சொன்னாள். பிறகு கைப்பையைத் திறந்து, கழுவிக் காயவைத்த ஒரு பையை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

"இது அந்தப் பொதியில இருந்து எடுத்தது. மேல என்ன கடைப் பேர் போட்டிருக்குன்னு படிங்க. அந்தக் கடை மூடி ஒன்பது வருஷம் ஆச்சு. கடை போயிடுச்சு, பை போகலை. எழுத்துகூட அழியலை."

மேடையில் இருந்த நகராட்சித் தலைவரம்மா அந்தப் பையை வாங்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் நீட்டச் சொன்னார். "உங்க ஆலைப் பைதானா, சொல்ல முடியுமா?"

அவர் பையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். முன்வரிசையில் ஆலை முதலாளி இருமினார். வீட்டுக்காரர் திரும்பவில்லை. விரல் நுனியால் பையை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"முடி மாதிரி ஒரு கோடு ஓடுது பாருங்க. எங்க மெஷின்ல பிளாஸ்டிக் பிதுங்கி வர்ற வாயில ஒரு கீறல் இருந்துச்சு. அதை மாத்துற வரைக்கும் ஓட்டின எல்லாப் பையிலயும் இந்தக் கோடு விழும்." பையைத் தலைவரம்மாவிடமே திருப்பி நீட்டினார். "இது நான் ஓட்டினதுதாங்க."

"ஒரு பையை ஜனங்க எவ்வளவு நேரம் வச்சிருப்பாங்க?"

"கடையில இருந்து வீட்டுக்குப் போற நேரம். இவ்வளவு மெல்லிசா ஓட்டினா ரெண்டாவது தடவைக்குத் தாங்காது. ஓட்டுற எனக்கே அது பிடிக்காதுங்க."

மூடியக்காவுக்குக் கண் நிறைந்தது. சட்டென்று மைக்கை இழுத்தாள்.

"அம்மா, தடை போடுங்க. கண்டிப்பாப் போடுங்க. ஆனா நாளைக்கே போடாதீங்க. இவங்களுக்கு நாள் குடுங்க. அதே மெஷின்ல கெட்டியான ஷீட்டும் ஓட்டலாம்னு இவரே வீட்ல சொல்லுவாரு. நாற்றங்காலுக்கு, கூரைக்கு மேல போட..."

"கூரைக்கு வேற அளவு," என்று அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "மெஷின் வாயை மாத்தணும். மாத்தலாம், அது ஒண்ணும் பெரிய விஷயமில்லை, ஆனா..."

"அதைத்தானே நான் சொல்ல வந்தேன்!"

"நீ கூரைன்னு தப்பாச் சொன்னே!"

தலைவரம்மா மேசையைத் தட்டினார். "ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க. இது உங்க வீடு இல்லை." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். மூன்றாவது வரிசையிலிருந்துதான் முதல் கைதட்டல் வந்தது. பிறகு மண்டபம் முழுக்க, ஆலைக்காரர்கள் பகுதியிலிருந்தும்கூட.

மூன்று வாரம் கழித்து உறுப்பினர்கள் கைதூக்கி வாக்களித்தார்கள். பார்வையாளர் பகுதியில் நின்று ஒவ்வொரு கையாக எண்ணினாள் மூடியக்கா. இரண்டு கை அதிகம்! பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆசிரியையைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். தடை உண்டு, ஆலைகளுக்குப் பத்து மாதம் அவகாசம், மீன் கடைக்கும் கறிக் கடைக்கும் இன்னும் ஒரு வருஷம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. முதலாளி நான்கு மெஷினில் இரண்டைக் கெட்டி ஷீட்டுக்கு மாற்றினார், இரண்டை விற்றார். ஏழு பேருக்கு வேலை போனது. அதில் மூன்று பேர் துணிப்பை தைக்கும் கூடத்துக்குப் போனார்கள். ஒருவர் இன்றைக்கும் மூடியக்காவைக் கண்டால் முகம் திருப்பிக்கொண்டு போகிறார். அவளும் அதைக் குறை சொல்வதில்லை. வீட்டுக்காரருக்கு வேலை இருந்தது. புதிய மெஷின் வாயைப் பொருத்தி முதல் ரோல் இறங்கிய அன்று, ஒரு துண்டை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, "கிழி பார்க்கலாம்" என்று அவளிடம் நீட்டினார். மூடி தூக்குகிற அந்தக் கையாலும் கிழிக்க முடியவில்லை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

போன வாரம் பக்கத்து ஊர் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கேயும் சட்டம் போடப் போகிறார்களாம். இருவரும் வந்து பேசவேண்டுமாம். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டே யார் முதலில் பேசுவது என்று சண்டை.

"நீங்க முதல்ல பேசினா வளவளன்னு இழுப்பீங்க."

"நீ முதல்ல பேசினா எனக்குப் பேச மிச்சம் என்ன இருக்கும்?"

பேருந்து வந்தது. இருவரும் இன்னும் முடிவுக்கு வந்தபாடில்லை. அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் ஏறிய மாமியார், ஜன்னலோர இருக்கையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, "ஏறுங்க சீக்கிரம், அங்கே மண்டபத்துல முன்வரிசை போயிடும்!" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.