ஐந்தாவது குழை

பிள்ளையாரை நம்புகிற என் சொந்தங்களே, இந்த வருடம் தைப்பொங்கல் முடிந்த கிழமையில், என் பொறுப்பில் இருந்த நான்கு சின்னப் பிள்ளைகள் பனிக்குள் காணாமல் போனார்கள். அவர்களை எனக்குத் திருப்பித் தந்தது யார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தர்சிகா. டவுனுக்குப் பக்கத்தில் நெளுக்குளத்தில் பிறந்து வளர்ந்தவள். முன்பள்ளி ஆசிரியர் பயிற்சியின் கடைசிக் கட்டமாக, முள்ளியவளைக்கு அங்கால் காட்டோரமாக இருக்கும் ஒரு முன்பள்ளிக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள். ஒன்றுசேர்ந்து வேலை செய்வது, பகிர்ந்துகொள்வது, தன் முறை வரும்வரை பொறுத்திருப்பது, இதையெல்லாம் நான் படிப்பிக்க வேண்டும். வாழ்க்கைத் திறன் என்று அதற்குப் பெயர். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே அவை சரியாக வராது. வீட்டில் தங்கச்சியோடு ரிமோட்டுக்குச் சண்டை பிடிக்கிறவள் நான்.

அம்மாவின் பழைய மஞ்சள் சேலையைத் துண்டுகளாக வெட்டி ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். ஒரு துண்டுக்கு நான்கு பிள்ளைகள். ஆளுக்கொரு மூலையைப் பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு பந்து. அது விழாமல் முற்றத்தைச் சுற்றி வர வேண்டும். பயிற்சி வகுப்பில் நாங்கள் பெரியவர்கள் செய்தபோது என்ன அழகாக வந்தது! இங்கே பந்து ஒவ்வொரு நாளும் விழுந்தது. அதுவும் துளசியின் மூலையால்தான் விழுந்தது.

துளசிக்கு நாலு வயது. வீட்டில் நன்றாகக் கதைப்பாள் என்று தாய் சொல்லுவார். எங்களிடம் ஒரு சொல் கிடையாது. சேலை மூலையைக் கையில் கொடுத்தால் கொஞ்ச நேரம் பிடித்திருப்பாள், பிறகு விட்டுவிட்டு வேலியடிக்குப் போய்விடுவாள். அங்கே அவளுடைய ஆட்டுக்குட்டி நிற்கும். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குட்டி. அவளுக்குப் பின்னாலேயே வந்து, பள்ளிக்கூடம் விடும்வரை வேலியோரம் படுத்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை என்னை மதிப்பிட விரிவுரையாளர் வர இருந்தார். இந்த விளையாட்டைத்தான் செய்து காட்ட வேண்டும். முதல் தரம் வந்தபோது எல்லாம் குழம்பிப் போயிருந்தது. இந்த முறையும் சரிவராவிட்டால் என் பயிற்சி அதோடு சரி. நான் சாப்பாட்டையே வெறுத்துப் போயிருந்தேன். எனக்கு இந்த வேலை வராது, வீட்டுக்குப் போவோம் என்று உடுப்பை எடுத்து அடுக்கியும் வைத்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு வண்டிப்பாதை போகிறது. சற்றுத் தள்ளி அது இரண்டாகப் பிரியும். ஒன்று குளக்கட்டுக்கும் அதற்கு அங்கால் நான் தங்கியிருந்த வீட்டுக்கும், மற்றது காட்டுக்கு. பிரிகிற இடத்தில் ஒரு வீரை மரம், அதன் கீழே ஒரு பிள்ளையார். கோயில் என்று சொல்ல முடியாது. ஒரு கல், ஒரு விளக்கு, அவ்வளவுதான். விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போகிறவர்கள் இலையோடு ஒரு சின்னக் குழையை முறித்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போவார்கள். ஆளுக்கொரு குழை. குளத்துக்குப் போகிறவர்கள் வைப்பதில்லை.

இந்த டவுன் பிள்ளைக்கு அது எங்கே விளங்கியது? திங்கட்கிழமை மரங்களைப் பற்றிப் படிப்பிக்கும்போது, "ஒருத்தரும் குழை முறிக்கக் கூடாது, மரத்துக்கு நோகும்" என்று சொன்னேன். நிரோஜன் எழும்பி நின்றான். சந்தேகம் கேட்பதற்கென்றே பிறந்தவன்.

"அப்ப பிள்ளையாருக்கு, டீச்சர்?"

"அவருக்கு எதுக்கு? கும்பிட்டாக் காணும்."

"வைக்காட்டி ஆர் உள்ள போனதெண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிள்ளையார் என்ன, இடாப்பு வைச்சுப் பேரே கூப்பிடுறார்?" என்று கேட்டேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை.

அன்றைக்கும் பந்து விழுந்தது. ஆற்றாமையில் எல்லோரையும் இருத்திவைத்துச் சொன்னேன். "கேளுங்கோ பிள்ளையள். ஒருத்தரையும் தனிய விடக் கூடாது. ஒராள் போனால் மற்ற ஆக்களும் கூடப் போகோணும். விளங்கிச்சுதோ?"

"ஓம் டீச்சர்!" என்றார்கள். துளசி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலை பனி என்றால் அப்படியொரு பனி. வயல் இல்லை, வேலி இல்லை, ரோட்டு இல்லை. பள்ளிக்கூடம் மட்டும் வெள்ளைக்குள் மிதந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் முற்றத்தில் ஓடினால் குரல் ஒரு பக்கம் கேட்கும், ஆள் வேறு பக்கத்தால் வரும். எனக்கு நித்திரை முறியாததுபோல ஒரு மயக்கம். பொறுப்பாசிரியை வனிதா அக்கா கூட்டமொன்றுக்காக டவுனுக்குப் போயிருந்தார். கஞ்சி காய்ச்சும் முறை அன்றைக்கு நிரோஜனின் தாய் சுபா அக்காவுக்கு. உள்ளே இரண்டு பேர் நிறப்பென்சிலுக்கு மயிரைப் பிடித்துச் சண்டை. அதை விலக்கிவிட்டு நான் நிமிர்ந்தபோது, சுபா அக்கா அகப்பையும் கையுமாக வாசலில் நின்றார்.

"டீச்சர், நிரோஜன் எங்க? வெளியில நிண்ட பிள்ளையளைக் காணேல்லை!"

நிரோஜன், துளசி, இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள். ஒரு சேலைத் துண்டையும் காணவில்லை. வேலியடியில் ஆட்டுக்குட்டியையும் காணவில்லை. வேலிப் படலை திறந்து கிடந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. குட்டி எங்கேயோ போக, துளசி அதன் பின்னால் போயிருக்கிறாள். மற்ற மூன்று பேரும் அவளைத் தனிய விடவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார்கள். பெரியவர்களிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று மட்டும் நான் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

பக்கத்து வீட்டம்மாவை மற்றப் பிள்ளைகளோடு விட்டுவிட்டு ஓடினோம். மாரி மழைக்குக் குளம் நிரம்பி வழிந்த நேரம். ஊரே குளக்கட்டுக்கு ஓடியது. இரண்டு பேர் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். தண்ணீர் எங்கே தொடங்குகிறது, பனி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. "என்ர பிள்ளை, என்ர பிள்ளை" என்று சுபா அக்கா குளக்கட்டில் குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. கால் போன போக்கில் திரும்பி நடந்தேன். நடக்கிறேனா, நிற்கிறேனா? அதுகூடத் தெரியவில்லை. வீரை மரம் திடீரென்று எனக்கு முன்னால் வந்து நின்றது.

சைக்கிளில் போகும்போது ஒரு கையால் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போகிற எனக்கும் அவருக்கும் அதுவரை அவ்வளவுதான் பழக்கம். அன்றைக்குச் சேற்றில் விழுந்து அழுதேன்.

"பிள்ளையாரப்பா, வெள்ளிக்கிழமை எனக்கு வேண்டாம். இந்த வேலையும் வேண்டாம். என்னை வீட்டுக்குக் கலைச்சுவிடு. அதுகளை மட்டும் தந்திடு. எங்க எண்டாவது சொல்லு. உனக்கு வாயில்லையே?"

தலை நிலத்தில் முட்டிக் கிடந்தது. கண்ணைத் திறந்தேன். மூக்குக்கு நேரே ஒரு குழை.

பச்சைக் குழை. முறித்த இடம் ஈரமாக இருந்தது. பழைய குழைகளெல்லாம் சுருண்டு பனியில் நனைந்து கிடந்தன. இதன் மேலே பனித்துளி ஒன்றும் இல்லை. பக்கத்தில் இன்னொன்று, அதற்கு அங்கால் இன்னும். பெரியவர்கள் முறிக்கிற நீளம் இல்லை. என் விரல் நீளம்தான் இருக்கும். நிலத்தோடு நின்ற பற்றையில் முறித்தவை.

குளத்துக்குப் போகிறவர்கள் குழை வைப்பதில்லை.

"காட்டுக்க! காட்டுக்கதான் போயிருக்குதுகள்!" என்று நான் கத்திய கத்து எனக்கே யாரோ கத்தியதுபோலக் கேட்டது. சுபா அக்கா ஓடிவந்து குழைகளைப் பார்த்தார். ஆளுக்கொன்றாக எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"அஞ்சு கிடக்கு, டீச்சர். நாலு பேர்தானே? அஞ்சாவது ஆர்?"

பிள்ளைகளோடு வேறு யாரோ போயிருக்கிறார்களா? முதல் நாள்தான் அந்தப் பக்கத்து வயலில் யானை இறங்கியிருந்தது. இப்போது இதுவும். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு காட்டுப் பாதையில் ஓடினோம். ஓடி ஓடிக் கூக் காட்டினோம். கூ என்றால் பனி அதை விழுங்கிவிடும். திரும்பவும் கூ. "பிள்ளையாரே, பிள்ளையாரே" என்பதைத் தவிர என் வாயில் வேறொன்றும் வரவில்லை.

அப்போது, மெல்லியதாக, யாரோ நித்திரையில் முனகுவதுபோல ஒரு சத்தம்.

"கூ..."

நின்றோம். வெள்ளைக்குள் முதலில் ஒரு மஞ்சள் தெரிந்தது. காற்றில் மிதப்பதுபோல அது எங்களை நோக்கி ஆடி ஆடி வந்தது. பிறகு அதன் நான்கு மூலைகளிலும் நான்கு தலைகள் தெரிந்தன. சேலையின் நடுவில், மகாராசாபோல, ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. காலில் முள் குத்தி நடக்க முடியாமல் போனதை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் களைத்தால் நாலு பேரும் நின்று, பிறகு சேர்ந்து நடந்தார்கள். துளசி தன் மூலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். விடவேயில்லை.

சுபா அக்கா மகனைக் கட்டிப்பிடித்தார், அடித்தார், திரும்பவும் கட்டிப்பிடித்தார். நான் மற்ற மூன்று பேரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பாதையில் வேறு ஒருவரும் இல்லை.

"உங்களோட ஆர் வந்தது?"

"ஒருத்தரும் வரேல்லை டீச்சர்."

வீரை மரத்தடிக்கு வந்ததும் நான் குழைகளைக் காட்டினேன். "அப்ப இது ஆற்ற? அஞ்சு கிடக்கே?"

நிரோஜன் வாய் திறப்பதற்குள் துளசி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முதல் முதலாக அவளுடைய குரலைக் கேட்டேன்.

"அது உங்கட."

"என்ரயோ?"

"நீங்கள் தேடி வருவியள்தானே. தனிய விடக் கூடாதெண்டு சொன்னனீங்கள்."

"நீங்கள் முறிக்க மாட்டியள்தானே டீச்சர்," என்றான் நிரோஜன், பெரிய மனிதனைப்போல. "அதாலதான் அவள் உங்களுக்கும் வைச்சவள்."

நான் அந்தச் சேற்றிலேயே இருந்துவிட்டேன். வெட்கம் பார்க்காமல் அழுதேன். ஆட்டுக்குட்டி என் சட்டை நுனியைச் சப்பத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பந்து இரண்டு தரம் விழுந்தது. இரண்டு தரமும் துளசிதான் ஓடிப்போய் எடுத்து வந்து, மற்றவர்களுக்குப் பிடிக்கச் சொல்லிக் கட்டளையிட்டாள். விரிவுரையாளர் சிரித்துவிட்டார். நான் தேறிவிட்டேன். அடுக்கி வைத்த உடுப்பைத் திரும்பவும் எடுத்துக் கொடியில் போட்டேன்.

இப்போது நான் பாடத்தை முழுதாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருத்தரையும் தனிய விடக் கூடாது. ஆனால் போக முதல் டீச்சரிடம் சொல்ல வேண்டும். பிள்ளையாரிடமும் சொல்லலாம். காலையில் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, மரத்துக்கு நோகாமல் ஒரு சின்னக் குழை வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். அந்த வகுப்பறையும் எனக்கு ஒரு காடுதானே.

சொந்தங்களே, உங்களில் யாருக்காவது இப்போது முன்னால் வெள்ளைப் பனியைத் தவிர ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். கூப்பிட்ட குரல் திரும்பி வராமல் இருக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் போய் விழுந்து அழுவதற்கு முன்னமே என் பேரில் ஒரு குழை அங்கே வைக்கப்பட்டிருந்தது. நின்றுகொண்டு பார்த்திருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது. நீங்களும் ஒருக்கால் குனிந்து பாருங்கோ.