தம்பியின் தலையணையில் ஊசி

குழந்தைகளே, நான் போடியில் இலவம்பஞ்சு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் வேலை பார்க்கிறேன். என் மகள் செல்விக்குப் பத்து வயது. நான்கு மாதத் தம்பிக்குக் கொடுப்பதற்காக, ஒரு சின்னத் தலையணை உறையில் பச்சை நூலால் கிளி போட்டாள். நான் பஞ்சு கொண்டுவந்து அடைத்தேன். அப்போது அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"என்னத்தா, மறுபடியும் ஊசியத் தொலச்சிட்டியா?" என்று அதட்டினேன். முந்தின வாரம்தான் அதற்காக அடித்திருந்தேன்.

"இல்லப்பா" என்றாள். நான் உறையின் வாயைத் தைத்து மூடிவிட்டேன்.

மறுநாள் அந்தத் தலையணையில் படுத்திருந்த குழந்தை வீறிட்டு அழுதது. பக்கத்து வீட்டு அக்கா, "கண்ணு பட்டிருக்கு, உப்பு சுத்திப் போடுங்க" என்றார். சுற்றிப் போட்டு, அதே தலையணையில் படுக்கவைத்துத் தட்டினோம். அழுகை கூடியது. செல்வி ஓடிவந்து தலையணையைப் பிடுங்கினாள்.

"அடிக்காதீகப்பா! உறையிலதான் ஊசியக் குத்தி வச்சிருந்தேன்!"

குழந்தையின் பின்கழுத்தில் பாதி ஊசி ஒடிந்து நின்றது. தேனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கீறி எடுத்த டாக்டர், "இன்னும் கொஞ்சம் உள்ள போயிருந்தா பிள்ளை பிழைச்சிருக்காது" என்றார்.

பிள்ளைகளே, ஊசி காணாமல் போனால் பயப்படாமல் உடனே சொல்லிவிடுங்கள். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் தொலைந்த ஊசி கிடைக்கும்வரை தைத்த துணியை யாரும் தொடுவதில்லை. நான் அடிப்பதும் இல்லை.

போன வாரம் செல்வி தானாகவே வந்து, "ஊசியக் காணோம்ப்பா" என்றாள். நானும் அவளோடு தரையில் உட்கார்ந்து தேடினேன். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தாள்.