வெடிமருந்து தெரியுமா என்றொரு கேள்வி

முழுமையாக நிரப்பப்பட்ட மாணவர் விசா விண்ணப்பத்தின் மீது, அது கிடைத்த நாளிலிருந்து பொதுவாக நான்கு வாரத்துக்குள் முடிவு தெரிவிக்கப்படும் என்பது விதி. 'பொதுவாக' என்ற சொல்லைப் பார்த்ததுமே, இதை எழுதியவர் எந்தத் தேசத்தவராக இருந்தாலும் எங்கள் துறைக்காரர் என்று தெரிந்துகொண்டேன். வருவாய்த் துறையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் நானும் அந்தச் சொல்லின் நிழலில்தான் பிழைத்தேன். எந்த நாடு என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தூதரகத்தைப் பற்றி எழுதுகிறவன் மறுபடியும் அதன் வாசலில் நிற்க வேண்டி வரலாம்.

என் பணியின் கடைசி ஒன்பது ஆண்டுகள் விருதுநகரை அடுத்த சூலக்கரையில், ஆட்சியர் அலுவலகத்தில், பட்டாசு ஆலைகளின் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில் கழிந்தன. வெடிபொருள் என்ற சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது எழுதியிருப்பேன். ஆனால் ஒரு சீனிவெடியைக்கூடக் கையால் பற்றவைத்ததில்லை. என் மகள் நேர்மாறு. வேதியியலில் முதுகலை முடித்தவள், கல்லூரியில் பாடம் நடத்தப் போவாள் என்று நாங்கள் நினைத்திருக்க, சிவகாசிக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாகச் சேர்ந்தாள். அதற்கென்று உள்ள பயிற்சியை முடித்துச் சான்றிதழும் வாங்கினாள்.

எங்கள் பக்கம் ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். வெடியாபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். என் மனைவிக்கு அதில் தீராத மனக்குறை.

"வெடியாபீசுக்குப் போக வேண்டாம்னுதான் அம்புட்டு சனமும் பிள்ளைகளப் படிக்க வைக்குதுக. இவ என்னன்னா படிச்சு முடிச்சுட்டு அங்கன போறா."

பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கும் ஒவ்வோர் அறைக்கும் வெளியே சுவரில் எழுதியிருக்கும்: ஆட்கள் நான்கு, மருந்து இத்தனை கிலோ. தீபாவளி சீசன் நெருங்கும்போது சில ஆலைகளில் ஐந்தாவதாக ஒருவர் உள்ளே வருவார். ஆய்வுக்கு ஜீப் வருகிறது என்று தெரிந்தால் அந்த ஐந்தாவது ஆள் எழுந்து, வாசல் கேட்டுக்குப் பக்கத்திலுள்ள வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். அதிகாரி கேட்டால் நான்கு என்பார்கள். சுவரும் நான்கு என்று சொல்லும். கோப்பும் நான்கு என்று சொல்லும். அந்தக் கோப்புகளில் பல என் கையெழுத்தோடு மேலே போனவை.

மகள் சேர்ந்த முதல் சீசனில் ஆய்வுக்கு வந்த அதிகாரி வழக்கம்போலக் கேட்டிருக்கிறார். இவள், "காலைல அஞ்சு பேர் இருந்தாங்க சார். ஒருத்தங்கள இப்பத்தான் மரத்தடிக்கு அனுப்பிச்சோம்" என்று சொல்லிவிட்டாள். ஆலையை ஒரு வாரம் பூட்டினார்கள். மேனேஜர் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. வேலைக்கு வரும் பெண்கள் வேனிலேயே அவளை வைதார்கள். ஆனால் அதன்பிறகு அவள் பொறுப்பிலிருந்த பதினோரு அறைகளிலும் ஐந்தாவது ஆள் உட்காரவில்லை. வைத பெண்களே அவளுக்கு 'நாலு பேரு பாப்பா' என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் இப்படிப் போனபின், வெடிபொருள் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு என்பதையே ஒரு படிப்பாக நடத்தும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. செப்டம்பர் ஐந்துக்குள் நேரில் வந்து சேர வேண்டும். அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தரமாட்டோம் என்று கடிதத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது.

ஜூன் முதல் வாரத்தில், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு விசா விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். நான் பக்கத்தில் 'தன் பதிவேடு' ஒன்றைத் திறந்து வைத்திருந்தேன். வந்த தபால், போன தபால், நிலுவை என்று எல்லாவற்றையும் எழுதும் நோட்டு அது. எந்த அலுவலகத்திலும் ஒவ்வோர் உதவியாளரும் வைத்திருப்பது. ஓய்வுக்குப் பிறகு என் வீட்டில் மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கடிதத் தொடர்புக்கும் என் மின்னஞ்சல் முகவரியையே கொடுத்தோம். அவள் வேலை பார்க்கும் இடத்தில் கைபேசியைக் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும்.

பிறந்த இடம், தாய் தந்தை, படிப்பு எல்லாம் ஒழுங்காகப் போயின. பிறகு அந்தக் கேள்வி வந்தது. வெடிபொருட்களையோ ஆபத்தான இரசாயனங்களையோ கையாள உங்களுக்குப் பயிற்சி உண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

இந்தக் கேள்வியை எழுதியவருக்கு விருதுநகர் மாவட்டம் என்று ஒன்று இருப்பது தெரியாது. தெரிந்திருந்தால் மூன்றாவதாக ஒரு கட்டம் வைத்திருப்பார். நேர்மையாகப் பதில் எழுதுவதென்றால் திருத்தங்கலிலிருந்து வெம்பக்கோட்டை வரை ஒருவரும் விமானம் ஏற முடியாது.

மதுரையிலிருந்த விசா ஏஜென்டுக்குப் போன் செய்தேன்.

"சார், இல்லைன்னு போட்ருங்க. சிவகாசிப் பிள்ளைக நம்மகிட்ட நெறையப் போயிருக்கு. அம்புட்டும் இல்லைதான். அந்த ரெண்டு வருசத்த வேலைன்னே காட்டாதீக. வீட்ல இருந்து பரீட்சைக்குப் படிச்சான்னு எழுதிருவோம்."

"ஆமான்னு போட்டா?"

"பைலத் தூக்கி ஓரமா வச்சிருவான். காலேஜ் தெறந்து செமஸ்டர் முடிஞ்சப்பறம் பாப்பான். இல்லாட்டி ஒரேயடியா ரிஜெக்ட். அப்பறம் எந்த நாட்டுக்குப் போட்டாலும், முன்னால மறுத்திருக்காங்களான்னு ஒரு கேள்வி வரும். பிள்ளைக்கு ஆயுசுக்கும் அது நிக்கும். யோசிச்சுக்கங்க."

யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. 'உண்மையை மறைத்தல்' என்ற காரணத்தைச் சிவப்பு மையால் எழுதி எத்தனையோ பேருடைய மனுவைத் தள்ளுபடிக்குப் பரிந்துரைத்தவன் நான். அந்த விதியின் உட்பிரிவுகள்கூட எனக்கு மனப்பாடம். என் மகள் விஷயம் என்றதும் அவ்வளவும் மறந்துபோயிற்று.

"இல்லைன்னே போட்ரும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏம்ப்பா, நீங்களுமா அஞ்சாவது ஆள வேப்பமரத்தடிக்கு அனுப்புறீக?"

அவள் 'ஆம்' என்ற கட்டத்தை அழுத்தினாள். விவரம் தரவும் என்று ஒரு பெட்டி திறந்தது. போர்மேன் சான்றிதழின் எண்ணை அதில் பொறுமையாக எழுதினாள்.

அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள். "என்னடி, ஆமான்னா போட்ட?"

"ஆமாம்மா."

"போட்டது போட்டாச்சு. இனி உங்கப்பா அந்த நோட்டுல நிலுவை நிலுவைன்னு எழுதிக்கிட்டே இருப்பாரு."

ஆம் என்று போட்ட பிறகு அனுபவச் சான்றிதழ் வேண்டும். அதற்காக மகளோடு சிவகாசி ஊருக்குள் இருக்கும் ஆலையின் அலுவலகத்துக்குப் போனேன். மேனேஜர் பழைய பழக்கத்தில் எனக்கு மரியாதை செய்தார். நான் பதவியில் இருந்தபோது அவர் எழுந்து நிற்பார். இப்போது உட்கார்ந்தபடியே கும்பிட்டார். ஓய்வூதியக்காரனுக்கு அதுவே அதிகம்.

கடிதத்தை ஏற்கனவே தயாராக வைத்திருந்தார். ஐந்து வண்ணத்தில் அச்சிட்ட தாள். மேலே இரண்டு பக்கமும் ராக்கெட்டுகள் பாய, நடுவில் புஸ்வாணம் பொங்கியது. எழுத்து எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, இதத் தூதரகத்துக்கு அனுப்பணும். படம் இல்லாத வெறும் தாள்ல அடிச்சுத் தர முடியுமா?"

"சிவகாசிக்கு வந்து வெள்ளப் பேப்பர் கேக்கீகளே சார்! அடுத்த தெருவுலதான் வாங்கியாரணும்." வாங்கிவரச் சொன்னார். பிறகு மகளைப் பார்த்து, "என்னைய ஒரு வாரம் பூட்ட வச்ச பிள்ள. இருந்தாலும் எழுதுதேன். போர்மேன்ல இவள மாதிரி ஆளு கெடைக்காது, அதையும் எழுதுதேன். ஆனா திரும்பி இங்கன வேலைக்கு மட்டும் வந்துராத தாயி" என்றார்.

சொன்னபடியே எழுதினார், கடைசி வரி நீங்கலாக.

விரல் ரேகை பதியச் சென்னைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, வாசலில் சீருடைக்காரர். மகள் உள்ளே நுழையுமுன் ஒரு நொடி நின்று, கதவின் உலோகச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து எடுத்தாள். ஆலையில் மருந்து அறைக்குள் போகிற ஒவ்வொருவரும் வாசலிலுள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும். இரண்டு ஆண்டுகளில் அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டு இரும்புக் கேட்டையும் தொட்டுவிட்டுத்தான் வருவாள். சீருடைக்காரர், ஏதோ கோவில் வாசல்படியைத் தொட்டுக் கும்பிடுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். "எல்லாம் நல்லபடியா கிடைக்கும் போம்மா" என்றார்.

நான்கு வாரம் ஆயிற்று. பதிவேட்டில் முதல் நிலுவை எழுதினேன். ஐந்து, ஆறு. எதிர் மண்டிகளில் மிளகாய் வத்தல் லோடு இறங்கும் நாட்களில் எங்கள் தெருவே தும்மும். தும்மலுக்கு நடுவிலும் கடைக்காரர்கள், "விசா வந்திருச்சா சார்?" என்று கேட்க மறக்கவில்லை. மகள் மட்டும் கேட்கவில்லை. விடிகாலையில் வேன் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். விசா கையில் வரும்வரை வேலையை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஏழாவது வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் வெடிபொருள் பயிற்சி எத்தகையது, யாரால், எந்த நோக்கத்துக்காக அளிக்கப்பட்டது என்பதைப் பத்து நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கவும்.

இது என் களம். அன்றைக்கே உட்கார்ந்து மூன்று பக்க வரைவு தயாரித்தேன். பொருள், பார்வை ஒன்று முதல் ஏழு வரை, இணைப்புப் பட்டியல், 'மேற்கண்ட சூழ்நிலையில் பணிந்து சமர்ப்பிக்கப்படுவது யாதெனில்' எல்லாம் இருந்தன. எந்த மேலதிகாரியும் அதில் ஓட்டை கண்டுபிடித்திருக்க முடியாது. முழுவதும் படித்திருக்கவும் முடியாது.

மாலையில் வந்த மகள் அதைப் படித்தாள். "நல்லாருக்குப்பா" என்று மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, அரைப் பக்கம் தானே ஆங்கிலத்தில் எழுதினாள். என் தமிழில் அது இப்படி வரும்:

'என் பொறுப்பில் பதினோரு அறைகள் உள்ளன. அறைக்கு நான்கு பேர். காலையில் அவர்கள் வருமுன் ஒவ்வோர் அறையிலும் ரப்பர் விரிப்பு சரியாக இருக்கிறதா, இரும்புச் சாமான் ஏதும் கிடக்கிறதா என்று பார்ப்பேன். மருந்தை நானே எடை போட்டுக் கொடுப்பேன். வெயில் ஏறுமுன் மருந்து வேலையை நிறுத்திவிடுவேன். இதற்குத்தான் எனக்குப் பயிற்சி தந்தார்கள். இரண்டு ஆண்டுகளாக நாற்பத்துநான்கு பேரும் தினமும் மாலையில் வேன் ஏறி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வெடிபொருளில் என் அனுபவம் இவ்வளவுதான். இதை இன்னும் நன்றாகச் செய்யக் கற்றுக்கொள்ள உங்கள் நாட்டுக்கு வர விரும்புகிறேன்.'

முப்பத்துநான்கு ஆண்டுகளில் என் மேசைக்கு வந்த எந்த வரைவையும் திருத்தாமல் நான் அனுப்பியதில்லை. பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்தேன். மூடி வைத்தேன். 'போன தபால்' பகுதியில் பதிந்துவிட்டு, அவள் எழுதியபடியே அனுப்பினேன்.

எட்டாவது வாரம், ஒன்பது, பத்து, பதினொன்று. செப்டம்பர் ஐந்து கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது. ஏஜென்ட் போன் செய்து, "நான் அப்பவே சொன்னேன்ல சார்" என்றார். எனக்கும் உள்ளூர அந்தக் குரல் இருந்தது. ஆனால் அவர் சொன்னதும், "நீங்க சொன்னீக, அவ கேக்கல. கேக்காததுதான் சரி" என்று சொல்லிப் போனை வைத்தேன். பக்கத்தில் நின்ற என் மனைவி என் காபியில் கூடுதலாக ஒரு கரண்டி சர்க்கரை போட்டாள். டாக்டர் வேண்டாம் என்ற சர்க்கரை.

பன்னிரண்டாவது வாரம், காலை பத்து மணிக்கு மின்னஞ்சல் வந்தது. படித்தேன். மறுபடி படித்தேன். இணைப்பைத் திறந்து, பெயர், கடவுச்சீட்டு எண், செல்லுபடியாகும் காலம் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். பிறகுதான் மனைவியைக் கூப்பிட்டேன். மகளைக் கூப்பிட வழியில்லை. கைபேசி கேட்டில் இருக்கும். நான் சிவகாசிக்குப் பஸ் ஏறினேன்.

கேட்டில் வாட்ச்மேன் மறித்தார். "சார், எழுத்துமூலமா அனுமதி இல்லாம யாரையும் உள்ள விட முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அந்தச் சுற்றறிக்கையை வரைந்தவனே நான்தான். வேப்பமரத்தடியில் கிடந்த கல்லில் உட்கார்ந்தேன். நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளும் கோப்பில் மட்டும் பார்த்த ஆலையை முதல்முறையாக வேலை முடியும் நேரத்தில் பார்த்தேன். பெண்கள் கை கால் கழுவிக்கொண்டு அறை அறையாக வந்தார்கள். என்னையறியாமல் எண்ணினேன். நான்கு, நான்கு, நான்கு. பதினோரு தடவை சரியாக இருந்தது.

முன்னால் வந்த ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏ நாலு பேரு பாப்பா! ஒங்கப்பா வந்து மரத்தடில அஞ்சாவது ஆளா உக்காந்திருக்காக, என்னன்னு கேளு!"

எல்லோரும் சிரித்தார்கள். மகள் கடைசியாக வந்தாள், சாவிக்கொத்தோடு. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் முதலில் சாவிகளை எண்ணி ஒப்படைத்தாள், நோட்டில் கையெழுத்துப் போட்டாள், அதன்பிறகே என்னிடம் வந்து, "வந்திருச்சாப்பா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து பதிவேட்டைத் திறந்தேன். கோப்பை முடிக்கும்போது அதை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். ஒன்று, மூன்று, பத்து, அல்லது நிரந்தரம். நிரந்தரம் என்று எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் பதில் வந்த தேதியையும் எழுதினேன்: ஆகஸ்டு இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை.