அரிசி ட்ரம்முக்கு அடியில ஒரு கப்பல்

எங்க வூட்டு அரிசி ட்ரம்முக்கு அடின்னு ஒண்ணு இருக்குன்னே எனக்கு அம்பத்தி நாலு வயசுல தான் தெரியும். என் பொண்டாட்டி இருந்த வரைக்கும் அரிசி கால்வாசிக்கு எறங்குனா போதும், "இன்னாங்க, ஒரு சிப்பம் வாங்கியாங்க"ன்னு அடுப்படியிலருந்து சத்தம் வந்துரும். அடி தெரிஞ்சா வூட்டுக்கு ஆவாதாம். "அடி தெரிஞ்சா இன்னாடி, பாதாளமா தெரியப்போவுது?"ன்னு நான் சிரிப்பேன்.

அவ செத்துப்போயி ரெண்டே மாசத்துல அடி தெரிஞ்சிடுச்சி. ஒரு ஞாயித்துக்கெழம காத்தால சொம்ப உள்ள வுட்டு சொரண்டுறேன், மெத்துன்னு ஏதோ தட்டுது. எடுத்துப் பாத்தா மஞ்சத்துணி முடிச்சி. தொட்டுப் பாத்தா உள்ள ஒரு காசு.

எங்க பக்கம் வேண்டுதல்னா இப்பிடித்தான். மனசுல ஒண்ண நெனச்சி, காச மஞ்சத்துணில முடிஞ்சி, மறைச்சி வெச்சிருவாங்க. நெனச்சது நடக்குற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு வுடக்கூடாது. நடந்துச்சின்னா முடிச்ச அவுக்காம மலையில இருக்குற கொலசாமிக்குக் கொண்டுபோய் போடணும்.

எதுக்கு முடிஞ்சாளோன்னு திருப்பித் திருப்பிப் பாத்தேன். துணி ஓரத்துல பாதி நங்கூரம் அச்சடிச்சிருந்துச்சி. எங்க ரெண்டு பேருக்கும் கப்பல்ல போவ டிக்கெட்டு போட்டப்ப கம்பெனிக்காரன் அதோட ஒரு பை அனுப்புனான். அதுல தொப்பி, தண்ணி பாட்டில், கழுத்துல கட்டிக்க மஞ்சத்துணி. அந்தத் துணியத்தான் கிழிச்சிருக்கா. சாமிக்குப் போயி ஓசித்துணியில வேண்டிக்கினவ என் பொண்டாட்டி ஒருத்தியாத்தான் இருப்பா.

அப்ப வேண்டுதல் கப்பலப் பத்திதான். அது வரைக்கும் புரிஞ்சிது. கப்பல் போவணும்னு முடிஞ்சாளா, போவக்கூடாதுன்னு முடிஞ்சாளா? அன்னிக்கி சோறு ஆக்கல. அந்த முடிச்ச வெச்சிக்கினு அப்பிடியே உக்காந்திருந்தேன்.

கப்பல் ஆசைய ஆரம்பிச்சி வெச்சது நான் தான். கள்ளக்குறிச்சில எனக்குப் பந்தல் கடை. சாமியானா, நாற்காலி, பாத்திரம், மைக் செட்டு, எல்லாம் வாடகைக்கு. மைக்கு சரியா இருக்குதான்னு பாக்க நானே நாலு வார்த்தை பேசுவேன். ஜனங்க சிரிச்சிது. அப்பிடியே ஜோக்கர்னு பேரு ஆயிப்போச்சி. ஒரு தடவ பேரு வாங்கிட்டா அப்பறம் மூஞ்சிய மாத்தவே முடியாது.

மூணு வருசம் முன்னாடி நானும் அவளும் பொண்ணும் கல்வராயன் மலைக்கு சாமி கும்புடப் போனோம். திரும்பி வர்றப்ப கரியாலூர்ல படகுக் குளத்துல காலால மிதிக்கிற போட்டுல ஏறுனோம். நடுக்குளத்துல போட்டு லேசா ஆடுச்சி. கம்பிய இறுக்கிப் புடிச்சிக்கினேன். தண்ணின்னா எனக்கு சின்ன வயசுலருந்தே பயம். கெணத்துல எட்டிக்கூடப் பாக்கமாட்டேன். அத யாருக்கும் சொன்னதில்ல. பயத்த மறைக்க வாயத் தொறந்தேன். "இதெல்லாம் ஒரு போட்டா? இருடி, ஒன்னக் கடல்ல கப்பல்ல கூட்டிக்கினு போறேன்." அவ என்ன ஒரு மாதிரியா பாத்தா. "ஆங், மொதல்ல கம்பிய வுடுங்க"ன்னா. நான் கம்பிய வுடல.

பின்சீட்டுல இருந்த பொண்ணு அதக் கேட்டுக்கினா. மெட்ராஸ்ல வேலைக்குப் போனதும் மொத வேலையா எங்க ரெண்டு பேருக்கும் கப்பல் டிக்கெட்டு போட்டுட்டா. மெட்ராஸ்லருந்து சிலோன் போயி திரும்பி வர்றது, அஞ்சி நாளு. நான் அத ஊரு பூரா மைக்குல சொன்னேன். ஒரு காதுகுத்துல, "ஒரு வாரம் கடை லீவு, நான் கப்பல்ல இருப்பேன், சாவுறவங்க அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டுக்கங்க"ன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப அத நெனச்சா ஒடம்பு கூசுது.

மொத வாட்டி கெளம்புனது கார்த்திக மாசம். பஸ் பக்கத்தூரு தியாகதுருகம் வந்ததும் போன்ல சேதி. கடல்ல புயலு, கப்பல் வராது, வேற தேதி சொல்றோம். பொட்டிய எறக்கிக்கினு பஸ் ஸ்டாண்டுலயே பஜ்ஜி தின்னோம். "பாத்தியாடி, தியாகதுருகம் துறைமுகம் எப்பிடி இருக்குது?"ன்னேன். அவ சிரிச்சா. எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதி. வூட்டுக்கு வந்தா அடுப்படியில குண்டான்ல இட்லி அரிசி ஊறிக்கினு இருக்குது. அஞ்சி நாளு ஊருக்குப் போறவ காத்தால எதுக்கு அரிசி ஊறப்போட்டான்னு அன்னிக்கி எனக்குக் கேக்கத் தோணல. மறுநாளு இட்லி பஞ்சு மாதிரி இருந்துச்சி. எட்டு தின்னேன்.

ரெண்டாவது வாட்டி தை மாசம். மெட்ராஸ்ல பொண்ணு ரூம் வரைக்கும் போயிட்டோம். சாயந்தரம் சேதி: சிலோன் இல்ல, கடல்லயே ரெண்டு நாளு சுத்திட்டு வர்றோம். காத்தால இன்னொரு சேதி: அதுவும் இல்ல. பொண்ணு போன்ல அவுங்ககிட்ட சண்ட போட்டுக்கினு இருந்தா. என் பொண்டாட்டி கப்பலுக்குன்னே வாங்குன ரப்பர் ஷூவ மாட்டிக்கினு, "வாங்க, பீச்சுக்காவது போவலாம்"ன்னா. கப்பல்ல தரை வழுக்கும்னு யாரோ சொன்னாங்கன்னு வாங்குன ஷூ. கடல்ல எறங்கி மொழங்கால் வரைக்கும் நின்னா. நான் என் செருப்பு நனைஞ்சிரும்னு சாக்கு சொல்லி தூரமா நின்னேன். அவ திரும்பி, "இதே போதும்ங்க"ன்னா.

ஊறுன அரிசிய நெனச்சா அவ போவக்கூடாதுன்னு வேண்டிக்கினான்னு தோணுது. ஷூவ நெனச்சா போவணும்னு தோணுது. "இதே போதும்"ங்கறத எந்தப் பக்கம் வெக்கிறதுன்னு இப்பவும் தெரியல. ஊருக்கு வந்து அவ கப்பலுக்குக் கட்டுன பொட்டியப் பிரிக்கவே இல்ல. கட்டிலுக்கு அடியில அப்பிடியே இருந்துச்சி.

பங்குனில போயிட்டா. நாலு நாளு காய்ச்சல். அஞ்சாம் நாளு காத்தால காப்பி போடக் கூப்புட்டேன், எழுந்துக்கல. என் கடை சாமியானா, என் கடை நாற்காலி. மொத தடவையா என் சரக்குல நானே உக்காந்தேன். நாற்காலி ஆடுச்சி. இத்தன வருசமா ஜனங்க இதுலயா உக்காந்து அழுதாங்கன்னு நெனச்சேன்.

பதினாறாம் நாளு காரியம் பண்ணிக்கினு இருக்கேன், போன்ல டிங்குன்னு சேதி. "அன்பான விருந்தினரே, இந்த முறை பயணம் உறுதி. ஆனி மாதம் சந்திப்போம்." நான் போவ வேணான்னு தான் இருந்தேன். அதுக்கப்பறம் தான் அந்த முடிச்சி கெடச்சிது.

மலைக்கு எடுத்துக்கினு போனேன். கொலசாமிக்குப் பூச பண்றவரு மலைக்காரரு, ஜாஸ்தி பேசமாட்டாரு. முடிச்சக் காட்டுனேன்.

"நெறவேறுச்சா?"

"அதாங்க தெரியல. வேண்டுனவ செத்துப்போயிட்டா."

"நெறவேறுனா உண்டியல்ல போடுங்க. தவறிப்போச்சின்னா சாமி காலடியில வெச்சி மன்னிப்பு கேளுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லித்தான் வெக்கணும். சும்மா வெச்சா அது வாங்காது."

"சாமிக்கே தெரிஞ்சிருக்கும்ல?"

"அதுக்குத் தெரியும். சொல்ல வேண்டியது நீங்க."

எறங்கி வர்றப்ப ஒண்ணு தோணுச்சி. கப்பல் போவக்கூடாதுன்னு அவ முடிஞ்சிருந்தா, ரெண்டு வாட்டி நின்ன கப்பலு மூணாவது வாட்டியும் நிக்கும். நின்னா தெரிஞ்சிரும். பொண்ணுக்குப் போன் போட்டேன்.

"பாப்பா, அந்தக் கப்பலுக்குப் போவலாமா?"

"அம்மா டிக்கெட்ட என் பேருக்கு மாத்தணும்ப்பா"ன்னா.

துறைமுகத்துல எல்லாத்தையும் மிஷின்ல போட்டுப் பாத்தாங்க. என் சட்டப்பையில இருந்த முடிச்ச எடுத்து, "இது இன்னாது?"ன்னாரு காவலுக்கு நின்னவரு. "வேண்டுதலுங்க"ன்னேன். அவரு அதக் கண்ணுல ஒத்திக்கினு திருப்பிக் குடுத்தாரு.

கப்பலு கெளம்பாதுன்னு கடைசி வரைக்கும் நெனச்சிக்கினு இருந்தேன். கெளம்பாம இருக்கட்டும்னு நெனச்சேன்னும் சொல்லலாம். சங்கு ஊதுச்சி. கரை மெதுவா நவுந்துச்சி. கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினேன்.

கொஞ்ச நேரத்துல எல்லாரையும் ஒரு எடத்துல நிக்க வெச்சாங்க. ஆபத்துன்னா எப்பிடித் தப்பிக்கிறதுன்னு சொல்லிக் குடுத்து, பேரு கூப்புட்டாங்க. டிக்கெட்டுல மாத்துன பேர அவுங்க லிஸ்டுல மாத்தல போலருக்கு. என் பேரக் கூப்புட்டாங்க. அடுத்தது என் பொண்டாட்டி பேரு.

மூணு மாசமா யாரும் அந்தப் பேர வாய்விட்டுச் சொன்னதில்ல. "வர்றா, பின்னாடி வர்றா"ன்னு என் வாயி தானா சொல்லிடுச்சி. கல்யாண வூடுங்கள்ல அவ எப்பவும் நாலடி பின்னாடி தான் வருவா. திரும்பிப் பாத்தேன். தண்ணியில மிதக்கறதுக்குன்னு குடுத்த ஆரஞ்சு சட்ட போட்டுக்கினு வரிசையா ஜனங்க. எல்லாரும் ஒரே மாதிரி. அதுல ஒருத்தியா அவ நிக்கலன்னு எப்பிடிச் சொல்றது? ஒவ்வொரு மூஞ்சியா தேடிக்கினே இருந்தேன். பேரு படிச்ச கப்பல்காரப் பொண்ணு மறுபடியும் கூப்புட்டுச்சி. என் பொண்ணு கைய தூக்கி, "இருக்காங்க"ன்னா.

அதுக்கப்பறம் அந்தக் கப்பல்ல நாங்க மூணு பேரா தான் இருந்தோம். டீ எடுத்தா மூணு எடுத்தேன். மூணாவது டீய பொண்ணே குடிச்சிட்டா.

ரெண்டாம் நாளு மத்தியானம் மேல ஸ்பீக்கர்ல சொன்னாங்க. காத்து ஜாஸ்தியா இருக்குது, சிலோன்ல எறங்க முடியாது, கடல்லயே சுத்திட்டு மெட்ராஸுக்கே திரும்புறோம். ஜனங்க கத்துனாங்க. ஒருத்தரு சிலோன்ல சம்பந்தி காத்துக்கினு இருக்காருன்னு அழாத கொறை. நான் சிரிச்சிட்டேன். மூணாவது வாட்டி கப்பல் போவுது, ஆனா போவல. சாமி என்னய விட ஜோக்கரா இருக்குது.

"இப்ப போனதா அர்த்தமா, போவலன்னு அர்த்தமா?"ன்னு பொண்ணுகிட்ட கேட்டேன். அப்பதான் முடிச்ச எடுத்துக் காட்டுனேன். எல்லாத்தையும் சொன்னேன்.

அவ முடிச்ச வாங்கி மடியில வெச்சிக்கினா. கால்ல அம்மாவோட ரப்பர் ஷூ. பிரிக்காம கெடந்த பொட்டியிலருந்து எடுத்தது. ஒரு ஷூவக் கழட்டித் தட்டுனா, கொஞ்சம் மணல் கொட்டுச்சி. பீச்சு மணல். ரெண்டு பேரும் அதத் தொடைக்கல.

"அப்பா, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. ரெண்டு வாட்டி கேன்சல் ஆனப்பவும் அம்மா என்னயத் தனியா கேட்டா. அப்பா எப்பிடி இருக்காரு, நீ பேசிப்பாருன்னு."

"பக்கத்துல தானடி இருந்தேன். என்னயக் கேக்க வேண்டியது தான?"

"நானும் அதான் கேட்டேன். 'எங்கிட்ட அவரு சிரிச்சிக்கினே தான் இருப்பாரு. போவணும்னு ஆசையா, பயமான்னு தெரியல. கட்டிக்கினு இருவத்தெட்டு வருசமா அந்த மூஞ்சியில ஒண்ணும் கண்டுபுடிக்க முடியல. ஒங்கிட்டயாவது சொல்றாரா பாரு'ன்னா."

"நீ இன்னா சொன்ன?"

"எனக்கும் தெரியலன்னேன்."

நான் ஒரு ஜோக்கு தேடுனேன். வரல. போட்டுல கம்பியப் புடிச்சிருந்த என் கையப் பாத்தவளுக்குக்கூட என் மூஞ்சியக் கண்டுபுடிக்க முடியல. அப்ப அவ முடிஞ்சது ஒருவேள கப்பலுக்காவே இல்ல. அவருக்கு எது இஷ்டமோ அது நடக்கட்டும்னு முடிஞ்சிருப்பா. சொல்லியிருந்தா அஞ்சி நிமிசத்துல முடிஞ்ச வெவகாரம். பயமா இருக்குதுடின்னு ஒரு வார்த்த. அத நான் சொல்லல. அவ அரிசிக்குள்ள ஒளிச்சி வெச்சா.

சூரியன் எறங்குற பக்கம் கறுப்பா ஒரு கோடு தெரிஞ்சிது. அச்சு அசல் கல்வராயன் மலை. அதே கூனு, அதே சரிவு. "மேகம்ப்பா"ன்னா பொண்ணு. மேகம் தான். ஆனா இருட்டுற வரைக்கும் அது கலையல.

ஊருக்கு வந்து மூணாம் நாளு மலை பஸ்ல ஏறுனேன். கோயில் வரைக்கும் போவாம கரியாலூர்லயே எறங்கிட்டேன். படகுக் குளத்துக்கிட்ட உக்காந்து ஒத்திக பாத்தேன். பூச பண்றவரு "நெறவேறுச்சா?"ன்னு கேட்டா இன்னா சொல்றது? எனக்கு எது இஷ்டமா இருந்துச்சி? கப்பல் போவக்கூடாதுங்கறதா? அவளோட போவணுங்கறதா? ரெண்டுமே நெசம். தண்ணியில ஒரு போட்டு காலியா ஆடிக்கினு கெடந்துச்சி. ரெண்டு பேரு மிதிச்சா தான் நேரா போவும், ஒருத்தரு மிதிச்சா ஒரே எடத்துல சுத்தும்.

அடுத்த பஸ்ல கீழ எறங்கி, வர்ற வழியில ஒரு சிப்பம் அரிசி வாங்கிக்கினு வூட்டுக்கு வந்தேன். முடிச்ச ட்ரம்முக்கு அடியில இருந்த எடத்துலயே வெச்சேன். அரிசிய மேல கொட்டுனேன்.

இப்பல்லாம் வேளைக்கி ஒரு சொம்பு அரிசி எடுக்குறப்ப கைய ரொம்ப உள்ள வுடுறதில்ல. கால்வாசிக்கு வந்தா போதும், கடையப் பூட்டிட்டு சிப்பம் வாங்க ஓடுறேன். பாக்குறவங்க, "இன்னாங்க, ஒத்த ஆளு தான, இவ்ளோ அரிசி எதுக்கு?"ன்னு கேக்குறாங்க. அடியில ஒரு கப்பல் கெடக்குது, தரை தட்டிடக்கூடாதுல்லன்னு சொல்றேன். சிரிக்கிறாங்க.