சம்பந்தி சொன்ன இங்கிலீஷ் வார்த்தை

கல்யாணப் பந்தியில் யார் தயிர்சாதத்துக்கு வந்துவிட்டார்கள் என்பதைப் பங்காரம்மா வாசலிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். நேராகப் போய் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்வார். “மெதுவா சாப்புடுங்க கண்ணு, நான் சும்மா நிக்கறேன்.” அதற்குப்பின் எவருக்கும் மெதுவாகச் சாப்பிட முடிந்ததில்லை.

பீளமேட்டில் மாவுக்கடை வைத்திருக்கிறார். உறவுக்கூட்டம் முழுவதையும் ஒரே வரிசையில் உட்காரவைக்காவிட்டால் கல்யாணத்துக்குப் போன திருப்தியே அவருக்கு வராது.

சென்ற ஆவணியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். அவருடைய சம்பந்தி நரசிம்மலு, பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், முன்கூட்டியே தன் ஆட்களை அனுப்பி முதல் வரிசையைப் பிடித்துவிட்டார். பங்காரம்மா பதறவில்லை.

“ஏனுங்க சம்பந்தி, போட்டோவுக்கு உங்க ஊட்டாளுகளை மேடைல கூப்புடறாங்க.”

மொத்தப் படையும் மேடைக்கு ஓடியது. அங்கே யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது பங்காரம்மாவின் கூட்டம் வடையைக் கடித்துக்கொண்டிருந்தது.

நரசிம்மலு வாய்விட்டுச் சிரித்தார். “என்னைய அவுட்ஜெனரல் பண்ணிப்போட்டீங்க சம்பந்தி.”

பங்காரம்மா கடித்த வடையை இலையிலேயே வைத்துவிட்டார். அவுட் என்றால் வெளியே. ஜெனரல் என்றால் ரயிலில் முண்டியடித்து ஏறுகிற பெட்டி. சபையில் வைத்து, ‘ஜெனரல் பெட்டி ஆளே, வெளியே போ’ என்றுவிட்டாரே.

அன்றிலிருந்து சம்பந்தியின் போனை அவர் எடுக்கவில்லை. அங்கிருந்து வந்த தீபாவளிப் பலகாரமும் பிரிக்காமலே திரும்பிப் போனது. நரசிம்மலுவின் மருமகளாகிய லாஸ்யாவுக்கு இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூச்சு முட்டியது. காரணம் கேட்க ஒருநாள் அம்மாவின் கடைக்கே வந்துவிட்டாள். அம்மா சொன்னதைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“அம்மா, ஜெனரல்னா படைத்தளபதி. எதிராளித் தளபதியைப் போர்த்தந்திரத்துல மிஞ்சிப்போட்டா அப்படிச் சொல்லுவாங்க. மாமா தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டாரும்மா.”

“பட்டாளத்துக்காரரு... அவரு வாயால?”

“ஆமாங்கறேன்.”

பங்காரம்மா போனை எடுத்தார்.

“சம்பந்தி, சௌக்கியங்களா? அன்னிக்கு என்னமோ இங்கிலீஷ்ல சொன்னீங்களே, சத்தத்துல காதுல உழுகலீங்க. இன்னொருக்கா சொல்லுங்க.”

சொல்லிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தினார். ஸ்பீக்கரைப் போட்டு, மாவுக்கு நின்றவர்கள் பக்கமாகப் போனைத் திருப்பிப் பிடித்தார்.